மாணவர் செயலிகளுக்கு வரும் நொட்டைப் புகார்கள்: கிட்ஹப் இஷ்யூஸ் நீண்டகால அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கல்லூரி மாணவர்கள் எழுதும் செயலிகளுக்கு வழிகாட்டியாக இருந்து வருகிறேன். ஒரு குழு எழுதியதை இன்னொரு குழு சோதித்து, கண்ட பிழைகளைக் கிட்ஹப் இஷ்யூஸில் (நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் புகார்ப் பகுதி) பதிய வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. சில ஆண்டுகள் பயன்படுத்திய பின் சொல்வதானால், புகார்களைச் சேர்த்து வைக்க இக்கருவி தாராளமாகப் போதும்; தரம் பிரிக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

புகார்களில் ஒட்ட இயல்பாகக் கிடைக்கும் 9 லேபிள்களில் (வகைக் குறிகளில்) கடுமையைக் குறிப்பது எதுவும் இல்லை. ஆகவே பொத்தானின் நிறம் மங்கல் என்பதும், பதிந்த கணக்கே காணாமற்போகிறது என்பதும் ஒரே வரிசையில் நிற்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் பாடத்தில் புழங்கும் நான்கு படிநிலைகளை நாங்கள் எடுத்துக்கொண்டோம். பயன்பாட்டைப் பாதிக்காத வெறும் தோற்றக் குறைக்கு 'மிகக் குறைவு'. அங்கிருந்து குறைவு, நடுத்தரம், அதிகம் என ஏறும். 'இது எங்கள் வேலையின் எல்லைக்குள் வராது' என்று பதிலளிக்கவும் அம்முறையில் இடமுண்டு என்பதால், வீண் வாக்குவாதம் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் நொட்டை போலத் தெரிவதெல்லாம் நொட்டை அல்ல. மளிகைக் கடைக் கணக்குச் செயலி ஒன்றுக்கு, 'ரசீதில் ஐந்து சென் உதைக்கிறது' என்றொரு புகார் வந்தது. ஐந்து சென்னுக்கா இவ்வளவு என்று எழுதிய குழு சலித்துக்கொண்டது. நிறுத்து வாங்கிய வெங்காயம் 2.43 ரிங்கிட், உருளைக்கிழங்கு 3.43 ரிங்கிட், செயலி ஒவ்வொன்றையும் தனித்தனியே அருகிலுள்ள ஐந்து சென்னுக்கு முழுமையாக்கி 5.90 என்று காட்டியது. மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதிப்படி முழுமையாக்க வேண்டியது மொத்தத் தொகையை மட்டுமே, அதுவும் ரொக்கத்துக்கு மட்டுமே, 5.86 என்பது 5.85 ஆக வேண்டும். மாதக் கடைசியில் கடனைத் தீர்க்கும் வாடிக்கையாளருக்கு இந்த ஐந்து சென்கள் ரிங்கிட்டாகச் சேரும் என்பதால், அதை 'நடுத்தரம்' ஆக்கச் சொன்னேன்.

இன்னொன்று, 'பெயரில் சாய்கோடு போட்டால் ஏதோ செய்தி வருகிறது' என்ற ஒற்றை வரி. அனுப்பியவரே 'மிகக் குறைவு' என்று குறித்திருந்தார். வாடிக்கையாளர் பெயரிலேயே ரசீதுக் கோப்பைச் சேமிக்கும் செயலி அது. சாய்கோட்டைக் கணினி கோப்புறைப் பிரிப்பாக எடுத்துக்கொள்வதால், பெயரில் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) உள்ள எவருடைய ரசீதும் சேமிக்கப்படவில்லை. நம் ஊரில் அப்படிப் பெயர் இல்லாதவர் எத்தனை பேர்? சோதித்தவர்கள் அதுவரை 'டெஸ்ட்' என்ற பெயரையே தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இத்தகைய ஒற்றை வரிகளைத் தடுக்க, புகாரைக் கட்டம் கட்டமாக நிரப்பவைக்கும் கிட்ஹப்பின் இஷ்யூ படிவங்கள் உதவுகின்றன. செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது ஆகிய மூன்றையும் நிரப்பாமல் அனுப்ப முடியாதபடி அமைக்கலாம். அந்தக் கட்டாயம் பொதுக் களஞ்சியங்களில் (யாரும் பார்க்கக்கூடிய நிரல் சேமிப்பிடங்களில்) மட்டுமே செல்லும். தனியார் களஞ்சியம் வைத்திருக்கும் குழுக்கள், அரைகுறைப் புகார்களை 'விளங்கவில்லை' என்று திருப்பி அனுப்ப ஒருவரை நியமித்துக்கொள்வது நல்லது.