புது கிட்டார் ஸ்பீக்கர்: பழக்கிவிட்டு வாசிப்பதா, வாசித்தே பழக்குவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யாராவது கிட்டார் ஆம்ப்புக்குப் புது ஸ்பீக்கர் போட்டால், முதல் வாரத்திலேயே புகார் வந்துவிடும். சத்தம் காதைக் குத்துகிறது, அடியில் கனம் இல்லை என்பார்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் சவுண்ட் சிஸ்டம் போடும் அண்ணன்மாரிடம் கேட்டால், "புதுசு தம்பி, கொஞ்ச நாள் நல்லா ஓட விடு, தானா இளகிடும்" என்பார்கள். இன்னொரு கட்சி, "இளகுறது ஸ்பீக்கர் இல்லடா, உன் காது" என்று சிரிக்கும். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் புகாரில் இருக்கும் இரண்டு பாதிகளுக்கும் ஒரே பதில் பொருந்தாது.

முதலில் கனம். ஆடிச் சத்தம் எழுப்பும் காகிதக் கூம்புதான் கோன். அதைப் பிடித்திருப்பவை இரண்டு: வெளியே மடிப்பு மடிப்பாக இருக்கும் விளிம்பு, பின்னால் காயிலை (கோனை ஆட்டும் கம்பிச் சுருளை) நடுவில் நிறுத்தும் ஸ்பைடர். ஸ்பைடர் என்பது பிசின் ஏற்றி, அலை அலையாக அழுத்தி விறைக்க வைத்த துணி. கோன் முன்னும் பின்னும் ஆட ஆட அந்த விறைப்பு தளரும். தளர்ந்தால் ஸ்பீக்கரின் இயல்பு அதிர்வெண், அதாவது கோன் தானாக ஆட விரும்பும் வேகம், சில ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை ஆட்டம் என்ற அளவு) இறங்கும். கருவி வைத்து அளந்து பார்க்கக்கூடிய மாற்றம் இது. செலெஸ்டியன் நிறுவனத்தின் பெயர்பெற்ற கிட்டார் ஸ்பீக்கர்களான கிரீன்பேக், வின்டேஜ் 30 இரண்டுக்கும் நிறுவனம் தரும் இயல்பு அதிர்வெண் 75 ஹெர்ட்ஸ். கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பியைச் சும்மா மீட்டினால் 82 ஹெர்ட்ஸ். அதாவது மாற்றம் நடப்பதே நம்முடைய கடைசிக் கம்பியின் பக்கத்தில்தான். அடி கொஞ்சம் நிறைவதாகக் கேட்பது பிரமை இல்லை.

காதைக் குத்துவது வேறு கதை. அது சுமார் 2000 ஹெர்ட்ஸிலிருந்து 5000 வரை நடக்கும் விவகாரம். அந்த உயரத்தில் கோன் ஒரே தகடாக ஆடுவதில்லை. காகிதம் பகுதி பகுதியாக நெளிகிறது. கோனின் வடிவம், காகிதத்தின் தடிமன், நடுவில் ஒட்டிய மூடி இவைதான் அங்கே குரலைத் தீர்மானிக்கின்றன. ஸ்பைடர் தளர்வதால் அங்கே பெரிதாக எதுவும் மாறாது. காகிதம் ஓரளவு மென்மையாகலாம், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பகுதியில் காது பழகுவதுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் வழிகளை எடை போடுவது சுலபம்.

வாசித்தே பழக்குவதுதான் பழைய வழி, எனக்குப் பிடித்ததும் அதுதான். கிளீன் சேனல், பேஸைத் தாராளமாக ஏற்றி, கழுத்துப் பக்கத்து பிக்கப்பில் திறந்த கார்டுகளை நன்றாக அடித்து வாசிப்பது. டிஸ்டார்ஷன் வேண்டாம், கோன் அகலமாக ஆடுவதுதான் தேவை, இரைச்சல் அல்ல. தளர்வதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்துக்குள் நடந்துவிடும் என்பதால், மண்டபத்தில் ஓரிரு ஒத்திகை போதும். சிக்கல் வீட்டில்தான். தாமான் வீட்டில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் அசைகிற அளவுக்குச் சத்தம் வைத்தால், மாலைத் தூக்கத்தில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டில் வந்து நிற்பார்.

அதனால்தான் பலர் லூப்பர் பெடலில் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் கருவி) நாலு கார்டைப் பதிவு செய்து, ஆம்ப்பைக் கம்பளியால் மூடி, கடைத்தெருவுக்குப் போய்விடுகிறார்கள். வேலை நடக்கும், ஆனால் வால்வு ஆம்ப்பில் (கண்ணாடிக் குழாய்கள் சூடாகி வேலை செய்யும் பழைய வகை) இதைச் செய்யாதீர்கள். வால்வுகளுக்குக் காற்று வேண்டும், ஆயுளும் வீணாகக் கரையும், ஆளில்லாத வீட்டில் அத்தனை சூடு தேவையில்லை. டிரான்சிஸ்டர் ஆம்ப் இருந்தால் அதில் ஓட விடலாம், மூடுவதாக இருந்தால் ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் மூடுங்கள். ஒரே மாதிரி இரண்டு புது ஸ்பீக்கர் வாங்கியவர்களுக்கு இதைவிட நல்ல உபாயம் உண்டு. இரண்டையும் நேருக்கு நேர் ஒட்டினாற்போல் வைத்து, ஒன்றுக்கு மட்டும் வயர்களை மாற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே ரம்பத்தை இழுப்பது போல, ஒரு கோன் தள்ளும்போது மற்றது பின்வாங்கும். நடுவில் இருக்கும் காற்று போய் வரும், வெளியே வரும் அடிச்சத்தம் வெகுவாகக் குறையும். கோன்களோ முழுதாக ஆடிக்கொண்டிருக்கும். சுவர் பகிரும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது மின்சார வழி. வீட்டு மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மரில் 6.3 வோல்ட்டாக இறக்கி நேராக ஸ்பீக்கருக்குக் கொடுப்பது. கணக்குப் போட்டால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 5 வாட்தான். ஆனால் மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரின் இயல்பு அதிர்வெண்ணுக்குக் கீழே இருப்பதால் குறைந்த வாட்டிலேயே கோன் நன்றாக ஆடும். வேகத்தில் இதை மிஞ்ச வழியில்லை. சிலர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் வேரியாக்கை (திருகைத் திருப்பி வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) நேராக மாட்டுவார்கள், அங்கேதான் ஆபத்து. சாதாரண வேரியாக்கில் ஒரே சுருள்தான், வீட்டு மின்சாரத்துக்கும் வெளியே வரும் வயருக்கும் இடையில் பிரிப்பு கிடையாது. திருகு கொஞ்சம் தப்பினால் காயில் கருகும், வயரைத் தொட்ட கைக்கு அதைவிட மோசம். சில நாள் பொறுமையை மிச்சப்படுத்த இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

பழைய ஸ்பீக்கரையே வாங்கிவிட்டால் பழக்கும் வேலையே இல்லையே என்பவர்களும் உண்டு. குளிர் நாடுகளில் நியாயமான யோசனையாக இருக்கலாம். நம் பக்கம் மதியம் வெயில், மாலை மழை. காகிதக் கோன் ஈரத்தை இழுக்கும், மூலையில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். ஈப்போவுக்குப் போய் நேரில் பார்த்து வாங்குவதானால் சரி. இரண்டு கைவிரல்களாலும் கோனைச் சமமாக, மெதுவாக அழுத்திப் பாருங்கள். உராயும் சத்தம் வந்தால் காயில் நகர்ந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். மீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 ஓம் காட்டுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். படத்தை மட்டும் பார்த்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பெட்டியும் கணக்கில் வரும். பின்பக்கம் திறந்த காம்போவில் (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) கோனை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் ஸ்பைடரும் விளிம்பும்தான், எனவே தளர்வு நன்றாகவே தெரியும். முழுதும் மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்றும் சுருள்வில்லாக வேலை செய்கிறது. அந்தக் காற்று நாள்பட இளகாது, வித்தியாசம் அந்த அளவுக்கு மங்கும்.

இத்தனைக்கும் முன்னால் காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: ஆம்ப்பை நகர்த்துவது. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் 1500 ஹெர்ட்ஸுக்கு மேல் போகப் போக ஒலியை டார்ச் லைட் மாதிரி நேராகக் குவிக்கும். தரையில் கிடக்கும் ஆம்ப்புக்கு முன்னால் நின்று வாசிப்பவரின் கணுக்காலுக்குத்தான் அந்தக் குத்தல் போய்ச் சேரும்; அவர் போதவில்லை என்று டிரெபிளை ஏற்றுவார், எதிரே நாற்காலியில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். நாற்காலிமேல் ஏற்றியோ பின்னால் சாய்த்தோ காதுக்கு நேராக வைத்து, டிரெபிளைத் திரும்பவும் பூஜ்யத்திலிருந்து ஏற்றிப் பாருங்கள். புது ஸ்பீக்கர் மீது போட்ட பழியில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

அப்படியும் குத்தினால், இளகும் என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். பார்சலைத் திருப்பி அனுப்பும் தவணை அதற்குள் முடிந்துவிடும். வின்டேஜ் 30-இன் மேல்நடுப் பகுதி (அந்தக் குத்தல் வரும் இடம்) தூக்கலாக இருப்பது அதன் பிறவிக் குணம், பழகினாலும் கிரீன்பேக் ஆகாது. மாற்றுவதானால் வாட்டை மட்டும் கவனியுங்கள்: வின்டேஜ் 30 தாங்குவது 60 வாட், கிரீன்பேக் 25 வாட்தான். 50 வாட் ஆம்ப் வைத்திருப்பவர் கிரீன்பேக்குக்கு மாறினால் குறைந்தது இரண்டு வாங்க வேண்டியிருக்கும். முழுச் சத்தத்தில் வாசிப்பவரென்றால் நான்கு இருந்தால்தான் நிம்மதி.