எறா சாலட்டுக்கு நான் நம்பிப் போற கடை: வேலூர் மக்கான் மீன் மார்க்கெட்

குழம்புக்கு எறா வாங்க வேலூர்ல எந்தக் கடைக்கும் போகலாம். கொஞ்சம் பழசா இருந்தாலும் புளியும் மிளகாய்த்தூளும் சமாளிச்சிடும். சாலட்ல அது நடக்காது. கொதிக்கிற தண்ணியில ரெண்டு மூணு நிமிஷம் போட்டு எடுத்து, எலுமிச்சையும் எண்ணெயும் ஊத்திச் சாப்பிடப் போறோம். முதல் வாயிலேயே தெரிஞ்சிடும். அதனால மீன்கடையை நான் எடைபோடுறதே, அங்க வாங்கின எறாவுல சாலட் செஞ்சு பார்த்துத்தான். அந்தக் கணக்குல தேறின கடை மக்கான் மீன் மார்க்கெட்ல ஒரு அக்கா நடத்துறது. பெயர்ப்பலகை கிடையாது. எறாவும் கணவாயும் மட்டும் விக்கிற அக்கா எங்கன்னு கேட்டா காட்டிடுவாங்க.

நம்ம ஊர்லேர்ந்து சென்னைக் கடலே சுமார் 140 கிலோமீட்டர். இங்க வர்ற கடல் மீன் எல்லாம் ஐஸ்ல பயணம் பண்ணித்தான் வருது. அதனால கடைக்காரர் ஐஸை எப்படிக் கையாளுறார்னு பார்த்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். பல இடத்துல எறாவைக் குவிச்சு வச்சுட்டு மேல ரெண்டு கட்டி ஐஸ் போடுவாங்க; உருகின தண்ணியிலேயே எறா மிதக்கும். அப்படி ஊறினா ருசியும் போகும், சதையும் தளர்ந்திடும். அக்கா கடையில ஐஸை நல்லா நொறுக்கி அடியில ஒரு அடுக்கு, எறா ஒரு அடுக்கு, மறுபடி ஐஸ். பெட்டிக்கு அடியில ஓட்டை இருக்கறதால தண்ணி நிக்காம ஓடிடும். பார்வைக்கு வெளியில வைக்கிறது ஒரு கைப்பிடிதான்.

வாங்கும்போது தலை உடம்போட இறுக்கமா இருக்கான்னு பாருங்க. ஓடு பளபளன்னு சதையை ஒட்டி இருக்கணும், தலைப்பக்கம் கறுப்பு படர்ந்திருக்கக் கூடாது. அமோனியா வாடை லேசா வந்தாலும் வேண்டாம். "மோந்து பாரு தம்பி, அப்புறம் எடை போடுறேன்"னு அக்காவே கையில எடுத்துக் குடுப்பாங்க. இந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தக் கடைக்குப் போகலாம்.

அடுத்தது சுத்தம் பண்ற விதம். "தொக்குக்கா, சாலட்டுக்கா?"ன்னு முதல்ல கேட்டுக்குவாங்க. சாலட்டுன்னா தலையைக் கிள்ளி, ஓட்டை உரிச்சு, வால் நுனியை மட்டும் விட்டுடுவாங்க. சின்னக் கத்தியால முதுகுல மேலோட்டமா ஒரு கீறல். கறுப்பு நரம்பை நுனியில பிடிச்சு இழுத்தா அறுபடாம முழுசா வந்திடும். ஆழமா கீறினா வேகும்போது எறா விரிஞ்சு பிளந்திடும்னு அவங்களுக்குத் தெரியும். கடைசியில ஐஸ் தண்ணியில ஒரு அலசு. தலையோட ஒரு கிலோ வாங்கினா உரிச்ச பிறகு அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் மேல நிக்கும். எங்க வீட்ல நாலு பேருக்கு ராத்திரி அது தாராளம்.

ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் நம்ம கிழக்குக் கடற்கரையில 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அந்தச் சமயத்துல கடல் எறா விலை ஏறிடும். நான் நெல்லூர் பக்கத்துப் பண்ணை எறாவுக்கு மாறிடுவேன். கிலோவுக்கு நாப்பது அம்பது எறா நிக்கிற அளவு போதும். கடல் எறாவோட மணம் இதுல குறைவுதான். ஆனா இந்த டிரெஸ்ஸிங் சேர்ந்தா நிறைவா இருக்கும்.

இனி சமையல். ரெண்டு லிட்டர் தண்ணியில ரெண்டு மேசைக்கரண்டி உப்பு, தட்டின இஞ்சி, மிளகு, எலுமிச்சைத் தோல் போட்டு நல்லா கொதிக்க விடுங்க. எறாவைப் போட்டதும் அடுப்பைக் குறைச்சுக்குங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல சாம்பல் நிறம் மாறி வெள்ளையும் சிவப்புமா ஆகி அரைவட்டமா வளையும். அதுதான் பதம். வாலும் தலைப்பக்கமும் ஒட்டி முழு வட்டமாச்சுன்னா ரப்பர்தான். உடனே ஐஸ் தண்ணியில கொட்டுங்க. ஆறினதும் வடிச்சு, சுத்தமான துணியில ஒத்தி எடுங்க. ஈரம் இருந்தா டிரெஸ்ஸிங் எறாவுல பிடிக்காது, நீர்த்துப் போயிடும்.

டிரெஸ்ஸிங்குக்கு ஆலிவ் எண்ணெய் தேடி அலைய வேண்டாம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளையற ஊர்ல இருக்கோம், செக்குல ஆட்டின கடலெண்ணெய் மணமே தனி. ஒரு தேக்கரண்டி கடுகைக் கொஞ்சம் தண்ணியில பத்து நிமிஷம் ஊறவச்சு, ஒரு பல் பூண்டு, மிளகு, உப்போட சின்னக் கல்லுரல்ல நசுக்கணும். மூடி இறுக்கமான பாட்டில்ல அதைப் போட்டு, ரெண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் நாலு மேசைக்கரண்டி எண்ணெயும் ஊத்திக் குலுக்குங்க. எண்ணெயும் சாறும் சீக்கிரம் பிரிஞ்சு போகாம கடுகு பிடிச்சு வைக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கறதால நான் இனிப்பு எதுவும் சேர்க்கறதில்ல. கடையில விக்கிற டிரெஸ்ஸிங் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிச்சுப் பாருங்க, பலதுல சர்க்கரை முன்வரிசையில இருக்கும். பச்சைப் பூண்டு சேர்த்திருக்கறதால அன்னன்னிக்கு வேண்டிய அளவு மட்டும் செஞ்சுக்குங்க.

வெள்ளரிக்காய், விதை எடுத்த தக்காளி, உப்புத் தண்ணியில அலசின வெங்காயம், துருவின மாங்காய், வேகவச்ச மல்லாட்டை ஒரு கைப்பிடி, கொத்தமல்லி. எல்லாத்தையும் சாப்பிட உக்காரும்போதுதான் கலக்கணும். காய் நறுக்கறதோட சேர்த்து இருபது நிமிஷ வேலை. ராத்திரி சோத்தைக் குறைங்கன்னு டாக்டர் சொன்னப்ப முகம் சுண்டிப்போன அப்பா, இன்னிக்கு எறா உண்டான்னு இப்போ அவரே கேக்கறார். அதுல எனக்கு அவ்வளவு சந்தோஷம். 100 கிராம் பச்சை எறாவுல சுமார் 20 கிராம் புரதம், கொழுப்பு ரொம்பக் குறைவு. கொலஸ்ட்ரால் மட்டும் கொஞ்சம் கூட. அதுக்கு மருந்து சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. எறா அலர்ஜி இருக்கறவங்க கிட்டவே போக வேண்டாம்.

கத்திரி வெயில்ல கலந்த சாலட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல வெளியில வைக்காதீங்க. கடையிலேர்ந்து வரும்போதும் அப்படித்தான். நான் சத்துவாச்சாரியில இருக்கிற வீட்டுக்கு ஐஸ் போட்ட டப்பாவிலதான் கொண்டுவர்றேன். கேட்டா அக்கா ஒரு பை நொறுக்கின ஐஸ் சேர்த்தே குடுப்பாங்க, காசு வாங்க மாட்டாங்க.

குறைன்னா ஞாயித்துக்கிழமைதான். கூட்டம் நெரியும், சுத்தம் பண்ண ஒரே ஆள். நிதானமா கீற நேரம் இருக்காது, நரம்பு அங்கங்க தங்கிடுது. சாலட்டுக்கு வாங்கறவங்க வாரநாள் காலையில ஏழு மணிக்குள்ள போயிடுங்க. கணவாய் வேணும்னா முந்தின நாளே சொல்லி வைக்கணும். வளையமா நறுக்கித் தருவாங்க, அதுக்கு ஒரு நிமிஷம் வெந்தா போதும்.