எதிர்த்திசையில் சுழலும் டிரில்: ஏழு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பல் இம்பிளான்ட்டுக்கான, அதாவது இழந்த பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தும் திருகுக்கான குழியை, எலும்பைச் சீவி வெளியேற்றாமல் பக்கவாட்டில் நெருக்கி உருவாக்கும் டிரில் தொகுப்பு ஒன்றை என் மருத்துவமனைக்கு வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஆசியோடென்சிஃபிகேஷன் எனப்படும் இந்த முறையை அறிமுகப்படுத்தியவர் அமெரிக்கப் பல் மருத்துவர் சாலா ஹுவைஸ். வலஞ்சுழியாக ஓட்டினால் இந்த டிரில் மற்ற டிரில்களைப் போலவே வெட்டும். இடஞ்சுழியாக ஓட்டினால் வெட்டாமல் சுவரைத் தேய்த்து, உதிரும் எலும்புத் துகளை அதே சுவரின் இடுக்குகளுக்குள் திணிக்கும். வழக்கமான தொகுப்பைவிட விலை மிக அதிகம் என்பதால், கொடுத்த பணம் எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதை எழுதிவைக்கத் தோன்றியது.

பலித்த இடம் மேல் தாடையின் பின்பகுதி. அங்குள்ள எலும்பு பெரும்பாலும் மென்மையானது. தெர்மாகோலில் துளையிடுவதைப் போல, கை உணர்வதற்குள் டிரில் இறங்கிவிடும். முன்பு இத்தகைய எலும்பை நெருக்க, 1994இல் பல் மருத்துவர் சம்மர்ஸ் விவரித்த ஆஸ்டியோடோம் உளிகளைச் சிறு சுத்தியலால் தட்டி இறக்குவோம். "தலைக்குள்ளயே ஆணி அடிக்கிற மாதிரி இருந்துச்சு டாக்டர்" என்று சொல்லிச் சென்ற ஓர் அம்மா, மறுநாள் காலை படுக்கையில் புரண்டபோது அறையே சுழல்வதாகத் தொலைபேசியில் அழைத்தார். உளித் தட்டலின் அதிர்ச்சியால் உட்செவியின் நுண்கற்கள் இடம்பெயர்ந்து இத்தகைய கிறுகிறுப்பு வருவதுண்டு. காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைத் திருப்பிச் செய்த பயிற்சியில் அது சரியானது என்றாலும், அதன்பின் சுத்தியலை எடுக்க என் கை தயங்கியது.

புதிய டிரிலை உப்புநீர் தாராளமாகப் பாய, ஏற்றி இறக்கி, சிறு அழுத்தத்துடன் இயக்க வேண்டும். எலும்பு எதிர்த்துத் தள்ளுவது கையில் தெரியும். அந்தத் தள்ளலுக்கு ஏற்ப அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பழக எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. வெளியே எடுக்கும்போது அதன் பள்ளங்களில் செம்மை கலந்த வெண்மையாய் எலும்புக் குழைவு ஒட்டியிருக்கும். நெருக்கப்பட்ட எலும்பு சற்றே மீண்டு வருவதால் குழியின் விட்டம் டிரிலின் விட்டத்தைவிடக் குறைந்து நிற்கிறது. இம்பிளான்ட்டை அது கவ்விப்பிடிக்கும். இம்பிளான்ட் எவ்வளவு இறுகி நிற்கிறது என்பதைக் காட்டும் முறுக்கு விசை முன்பு 15 நியூட்டன் சென்டிமீட்டர்கூடக் கிடைக்காமல் தவித்த இடங்களில் இப்போது 35ஐ எட்டுவது எனக்கு அரிதான செய்தியாக இல்லை.

அந்த எண் தந்த மயக்கத்தில்தான் தவறும் செய்தேன். இரண்டாம் ஆண்டில், கீழ்த் தாடையின் முன்பகுதியில், ஸ்கேனிலேயே கெட்டியாகத் தெரிந்த எலும்பில் இதே முறையைக் கையாண்டேன். இம்பிளான்ட் 60க்கு மேல் இறுகி நின்றபோது மகிழ்ந்தேன். நான்காம் மாத எக்ஸ்ரேயில் மேல்விளிம்பு எலும்பு கரைந்து, இம்பிளான்ட்டின் இரண்டு திருகு மரைகள் வெளியே தெரிந்தன. புறணி எலும்பில், அதாவது தாடையின் கெட்டியான வெளி ஓட்டில், ரத்த ஓட்டம் குறைவு. அதை நெருக்கினால் இடம் கொடுக்காது, நுண்விரிசல் விட்டு மடியும். மடிந்ததை உடல் அரித்து அகற்றிய பிறகே புதியதைக் கட்டும். கருவியின் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன். கெட்டி எலும்பில் வெட்டும் திசையில் ஓட்டு என்பது அதன் பயிற்சியிலேயே உண்டு.

பொருத்திய நாளின் இறுக்கத்தையும் எலும்பு ஆறுவதையும் ஒன்றாக நினைத்ததுதான் என் பிழை. முதல் நாளில் இம்பிளான்ட்டைப் பிடித்திருப்பது பழைய எலும்பின் இறுக்கம் மட்டுமே. அடுத்த வாரங்களில் அந்த எலும்பு அரிக்கப்பட, இன்னொரு பக்கம் ரத்த உறைவிலிருந்து பின்னல் எலும்பு எனப்படும் முதற்கட்டப் புது எலும்பு முளைக்கிறது; பழைய பிடிப்பு தளர்ந்து புதிய பிடிப்பு முழுதாக வராத மூன்றாவது, நான்காவது வாரம்தான் நடுக்கமான காலம். இம்பிளான்ட்டின் உறுதியை அதன் அதிர்வைக் கொண்டு கணிக்கும் அதிர்வெண் கருவியால் அளந்தால் அந்த வாரங்களில் எண் இறங்குவதைப் பார்க்கலாம். மென்மையான எலும்பில் இந்த டிரில் அந்த இறக்கத்தைக் குறைக்கிறது என்பது என் அனுபவம். காத்திருக்கும் காலத்தைக் குறைத்துவிட்டது என்று சொல்லத் துணியமாட்டேன். மேல் தாடைக்கு இன்றும் நான்கு மாதம் விட்டே பல் கட்டுகிறேன்.

வெப்பத்தைப் பற்றியும் ஒன்று. 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு பாதிக்கப்படும் என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் எரிக்ஸனும் ஆல்பிரெக்ட்ஸனும் 1983இல் முயல்களில் காட்டினார்கள். தேய்த்து இயங்கும் கருவி என்பதால் உப்புநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் நான் உடனே நிறுத்திவிடுகிறேன்; முனை மழுங்கிய டிரிலையும் வைத்துக்கொள்வதில்லை. தொடக்க அளவு டிரில்களை இதுவரை இரண்டு முறை மாற்றிவிட்டேன். மிகப் பருத்த இரண்டும், கீழ்த் தாடையில் அன்று பட்ட அனுபவத்திலிருந்து, ஏறக்குறைய புதிதாகவே பெட்டியில் இருக்கின்றன.