அப்பாவின் கார் ஏன் ஏறவில்லை

தைப்பூசத்துக்காக மெல்பனிலிருந்து மலேசியாவின் பட்டர்வொர்த் வந்த மறுநாளே அப்பா கார் சாவியை நீட்டினார். "நீயே ஓட்டும்மா, பாலத்துல எனக்குப் பயமா இருக்கு." நாற்பது வருடமாகக் கார் ஓட்டுகிறவர் அவர். அவர் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை.

பினாங்குப் பாலத்தில் ஏறியதும் புரிந்துவிட்டது. 13.5 கிலோமீட்டர் பாலத்தில், கப்பல் போவதற்காக நடுப்பகுதி மேடேறும் இடத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் கார் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பின்கண்ணாடி நிறைய ஒரு கண்டெய்னர் லாரி. இறங்கும்போது என் கை வியர்த்திருந்தது.

1.5 லிட்டர் டர்போ கார், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் கருவி உள்ளது. நிறுத்தி வைத்தால் எஞ்சின் பூப்போல ஓடுகிறது, நடுக்கமில்லை, புகையில்லை. ஏற்றத்தில் மட்டும் உயிர் போய்விடுகிறது. அப்பா ஏற்கெனவே ஒரு பட்டறைக்கு இரண்டு முறை போயிருக்கிறார். பிளக் நான்கையும் மாற்றி, எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் திராட்டலைக் கழுவி, ஏர் ஃபில்டர் போட்டு 480 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியிருக்கிறார்கள். அணைத்து அனுப்பிய எஞ்சின் விளக்கு மூன்றாம் நாளே மறுபடி எரிந்தது. இரண்டாம் முறை, "டர்போ போச்சு அங்கிள், 5,800 ஆகும்" என்றார்களாம். எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்று அப்பாவிடம் யாரும் காட்டவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான்.

சித்தப்பா சொல்லி, பக்கத்துப் பிறை ஊரில் ஒரு தமிழ் போமனிடம் (மெக்கானிக்) போனேன். சீனப் பெருநாள் நெருங்கிவிட்டதால் ஊருக்குப் போகிறவர்களின் கார்கள் வாசல்வரை நின்றன. "இன்னைக்கு வாங்கி வச்சா சும்மா தூங்கும் தங்கச்சி. பூசம் லீவு முடிஞ்சு காலையில எட்டு மணிக்கு வாங்க" என்றார். சொன்னபடி எட்டு மணிக்கே வேலையைத் தொடங்கினார்.

ஸ்கேனரில் வந்த பழுதுக் கோட் பி 0299. டர்போ தர வேண்டிய அழுத்தம் வரவில்லை என்பதுதான் அதன் பொருள். டர்போ கெட்டிருக்கலாம், டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வு மூடாமல் இருக்கலாம், அழுத்தம் வழியிலேயே கசியலாம். எது என்று அந்தக் கோட் சொல்லாது. ஆகவே ஸ்கேனரை என் மடியில் வைத்துவிட்டு கூலிம் நெடுஞ்சாலைக்கு ஓட்டிப் போனார். மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, காற்று எஞ்சினுக்குள் நுழையும் மேனிஃபோல்ட் குழாயில் அழுத்தம் 35 கிலோபாஸ்கல், சரிதான். முழுக்க மிதித்தபோது எஞ்சின் கணினி கேட்டது 190, கிடைத்தது 120. வெளிக்காற்றின் அழுத்தமே 101 என்பதால், டர்போ கொடுத்ததாக மிஞ்சியது வெறும் 19தான். கொஞ்ச நேரத்தில் கணினி எஞ்சினைக் காப்பாற்ற வேகத்தைத் தானே கட்டிப்போட்டது. பாலத்தில் எங்களுக்கு நடந்தது இதுதான்.

பட்டறைக்குத் திரும்பியதும் காற்றுப் பாதைக்குள் புகையைச் செலுத்தினார். டர்போ ஊதும் காற்றைக் குளிரவைக்கும் இண்டர்கூலரிலிருந்து திராட்டலுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடியிலிருந்து நூல் போல ஒரு இழை கிளம்பியது. டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு இரும்புத் தாங்கி உரசி உரசி, விரல் நகமளவு கிழிசல். சுற்றிலும் எண்ணெய்க் கறை, அதில் தூசு அப்பியிருந்தது. டர்போ பாதையில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய்ப் படலம் ஓடும், கசியும் இடத்தில் அது இப்படித்தான் தடம் வைக்கும் என்றார். ஹோஸைக் கையால் வளைத்ததும் கிழிசல் மீன்வாய் போலத் திறந்தது.

நின்றிருக்கையில் கார் ஏன் ஒழுங்காக ஓடியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. எஞ்சின் சும்மா ஓடும்போது திராட்டலுக்கு முன்னால் உள்ள அந்தக் குழாயில் அழுத்தம் ஏறுவதில்லை, கிழிசலும் ஒட்டியே கிடக்கும். மிதித்து டர்போ ஊதும்போதுதான் வாய் பிளந்து காற்று வெளியே போய்விடுகிறது.

ஹோஸ் மறுநாள் வந்தது. சோதனைக்கு 120, ஹோஸ் 260, கூலி 80, ஆக 460 வெள்ளி. தாங்கியையும் கொஞ்சம் வளைத்துவிட்டு, பழைய ஹோஸை அப்பா கையில் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வந்து பெற்றோரின் காரைப் பார்க்கிற பிள்ளைகள் பெரிய பாகம் எதற்கும் தலையாட்டுவதற்கு முன் இரண்டைக் கேளுங்கள்: ஓட்டும்போது எடுத்த அளவு, புகைச் சோதனை. காட்டுகிறவரிடம் காசு கொடுக்க மனம் கோணாது.

அன்று மாலை ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் புலாவ் மலைப்பாதையில் அப்பாவே ஓட்டினார். வளைவுக்கு வளைவு கார் இழுத்துக்கொண்டு ஏறியது. பில்லின் பின்பக்கம் போமன் புது அளவைப் பேனாவால் எழுதித் தந்திருந்தார்: சும்மா ஓடும்போது 34, முழு மிதிக்கு 188. அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்கவாம். அப்பா அதை மடித்துக் காப்புறுதித் தாளோடு சேர்த்து டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறார்.