உலர் ஆங்கில ஏல் ஈஸ்ட்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டில் பீர் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து இந்த நான்கு ஆண்டுகளில் நான் மிகுதியாகப் பயன்படுத்தியது சேஃபேல் எஸ்-04 என்னும், ஏல் (சற்று வெதுவெதுப்பில் நொதிக்கும் பீர் வகை) தயாரிக்க உதவும் உலர் ஆங்கில ஈஸ்ட். இதைக் கொண்டு பிட்டர், போர்ட்டர், பிரவுன் ஏல் ஆகிய மூன்று பீர் வகைகளையே திரும்பத் திரும்பச் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் 20 லிட்டர் வோர்ட்டுக்கு (நொதிக்கும் முன் உள்ள இனிப்பான மால்ட் சாறு) 11.5 கிராம் பொட்டலம் ஒன்று போதுமானதாக இருந்திருக்கிறது. தொடக்க அடர்த்தி (நீரை 1.000 எனக் கொண்டு, நொதிக்கும் முன் வோர்ட்டில் அளப்பது; சர்க்கரை நொதிக்க நொதிக்க இறங்கும்) 1.065-ஐத் தாண்டும் வலிமையான பீருக்கு மட்டும் இரண்டு பொட்டலங்கள் இடுகிறேன்.

ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தும் இட்டிருக்கிறேன். நேரடியாக வோர்ட்டின் மேல் தூவியும் பார்த்திருக்கிறேன். நொதித்தல் தொடங்கும் நேரத்திலோ இறுதி அடர்த்தியிலோ சுவையிலோ நான் கவனிக்கத்தக்க வேறுபாடு எதுவும் இல்லாததால், இப்போது தூவுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். உலர் ஈஸ்ட் தயாரிக்கப்படும்போதே செல்களில் போதிய ஸ்டெரால் (செல் சவ்வுக்கு வேண்டிய கொழுப்புப் பொருள்; இதை உருவாக்கவே ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் தேவை) சேமிக்கப்பட்டுவிடுவதால், முதல் பயன்பாட்டின்போது வோர்ட்டில் காற்றேற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை.

வெப்பநிலையில்தான் நான் பெரிய தவறு செய்தேன். முதல் ஆண்டில் அறை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்பதைப் பார்த்துவிட்டு, பாத்திரத்துக்குள்ளும் அதே அளவுதான் இருக்கும் என்று நம்பினேன். நொதித்தல் தானே வெப்பத்தை வெளியிடும் வினை. இந்த ஈஸ்ட்டோ வேகமாக வேலை செய்வது. இரண்டாம் நாள் மாலை பாத்திரத்தின் மேற்பரப்பில் வெப்பமானியை ஒட்டிப் பார்த்தபோது 25 டிகிரி காட்டியது. அந்த பிட்டரில் வெறும் ரொட்டி மாவின் வாசனையும் நாக்கின் ஓரங்களைக் கூசவைக்கும் ஒரு புளிப்பும் தங்கிவிட்டன. மூன்று மாதம் புட்டியில் வைத்தும் அவை முழுமையாக மறையவில்லை. இந்த ஈஸ்ட்டைப் பற்றிப் பலர் சொல்லும் 'புளிப்பு' இதுதான் என்று அப்போது புரிந்தது. அதற்குப் பிறகு, வோர்ட்டை 17 டிகிரிக்குக் குளிரவைத்த பின்னரே ஈஸ்ட்டைத் தூவி, பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி, முதல் மூன்று நாட்கள் 18 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, நுரை அடங்கத் தொடங்கியதும் 21 டிகிரி வரை மெல்ல உயர விடுகிறேன். அந்தப் புளிப்பு மீண்டும் வந்ததில்லை. அதன் இடத்தில் மென்மையான பழ மணம் மட்டும் கிடைக்கிறது.

இதன் சிறந்த குணம், வேலை முடிந்ததும் இறுகிப் படிவது. பாத்திரத்தின் அடியில் களிமண்போல் கெட்டியாக அமர்ந்துவிடுவதால், வடிகட்டாமலே பீர் தெளிகிறது; புட்டியைச் சாய்த்து ஊற்றும்போதும் வண்டல் எளிதில் கிளம்புவதில்லை. ஆனால் கவனமாக இருக்க வேண்டியதும் இந்தக் குணத்தினிடமே. வேலை முழுமையாக முடியும் முன்பே ஈஸ்ட் படிந்துவிட்டால், சர்க்கரை எஞ்சுவதோடு, வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைலைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளவும் போதிய செல்கள் பீரில் மிதப்பதில்லை. ஒரு குளிர்காலத்தில் என் போர்ட்டர் 1.020-இல் நின்றுவிட்டது. மூடியைத் திறக்காமல் பாத்திரத்தை மெதுவாகச் சுழற்றி வண்டலைக் கிளப்பி, 21 டிகிரி இருக்கும் இடத்துக்கு மாற்றியதும், நான்கே நாளில் 1.014-க்கு இறங்கியது. எல்லாத் தேக்கத்துக்கும் ஈஸ்ட்டே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வோர்ட் எடுக்க மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) 69 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் நொதிக்காத சர்க்கரைகள் கூடி, இறுதி அடர்த்தி இயல்பாகவே உயரும்.

ஆகவே, ஐந்தாம் நாளில் நுரை காணாமல் போனாலும், பத்தாம் நாளுக்கு முன் நான் பீரைப் புட்டியில் நிரப்புவதில்லை. இரண்டு நாள் இடைவெளியில் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒரே அளவைக் காட்ட வேண்டும். அத்துடன், மூடிய சிறு கோப்பையில் எடுத்த மாதிரியை 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து ஆறவிட்டு முகர்ந்து பார்ப்பேன். வெண்ணெய் மணம் எழுந்தால் மேலும் மூன்று நாள் விடுவேன். சிறிய வேலைதான், ஆனால் இதை விட்டுவிட்டு நிரப்பிய ஒரே முறை, 40 புட்டிகளிலும் அந்த மணம் இருந்தது. 1.048-இல் தொடங்கும் என் பிட்டர் வழக்கமாக 1.012-இல் முடிந்து, சுமார் 4.7 விழுக்காடு ஆல்கஹாலைத் தருகிறது.

மற்ற உலர் ஆங்கில ஈஸ்ட்டுகளில், நாட்டிங்காம் இதைவிடத் தூய்மையான, சற்று வறண்ட பீரைத் தருகிறது. விண்ட்சர் மால்ட்டோட்ரையோஸ் என்னும் சர்க்கரையை நொதிக்காததால், வாயில் கனமும் இனிப்பும் மிகுந்த பீரைத் தருகிறது. மைல்டு என்னும் பீர் வகைக்கு விண்ட்சரையே விரும்புகிறேன். பிட்டருக்கு எஸ்-04-ஐ விட்டு மாற எனக்கு மனமில்லை.

அடியில் படிந்த வண்டலைக் கிருமிநீக்கிய கண்ணாடிக் குடுவையில் சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் அடுத்த பீருக்கு இடுவதும் உண்டு. ஸ்டெரால் இருப்பு முதல் நொதித்தலிலேயே தீர்ந்துபோவதால், அப்போது மட்டும் வோர்ட்டை நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றுகிறேன். மூன்றாம் தலைமுறைக்குப் பின் அந்த வண்டலை வைத்துக்கொள்வதில்லை. என் சமையலறையின் தூய்மை அதற்கு மேல் உறுதி தராது என்பதால் புதிய பொட்டலத்தையே பிரிக்கிறேன்.