யூடியூபின் காப்பிரைட் புகார்ச் சேவை: வேலூர் ஸ்டூடியோக்காரர்களுக்கு எவ்வளவு பயன்?

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த கையோடு அதன் வீடியோக்கள் யூடியூபில் குவிந்துவிடும். ஒரு ஸ்டூடியோ கூட்டத்தில் முட்டிமோதி எடுத்த காட்சியை இன்னொரு சேனல் லோகோவை மட்டும் வெட்டிவிட்டு ஏற்றுவது அநியாயம். அதைத் தடுக்க யூடியூப் தரும் இலவசப் புகார்ச் சேவை பெரும்பாலும் கைகொடுக்கும். ஆனால் அது நியாயம் விசாரிக்கும் இடம் அல்ல.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. பயனர் ஏற்றியதற்குத் தளம் பொறுப்பாகாது என்ற பாதுகாப்பை அமெரிக்காவின் 1998 டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டமும், நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவும் தருகின்றன. உரிமை மீறல் தெரியவந்ததும் தாமதிக்காமல் நீக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் யார் பக்கம் நியாயம் என்று தளம் விசாரித்துக்கொண்டிருக்காது. எது ‘தெரியவந்தது’? 2016இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைதளத்தின் மீதான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது: எந்தப் படைப்பு, எந்த இடத்தில் என்று குறிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். “அந்தச் சேனல் முழுக்க எங்க வீடியோதான்” என்று எழுதினால் எடுபடாததற்கு இதுதான் காரணம். ஒவ்வொரு வீடியோவின் லிங்கையும் தனித்தனியாகத் தர வேண்டும். உங்கள் மூல வீடியோவின் லிங்க், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை எடுத்தாண்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.

புகார் தந்தால் உரிமையாளர் என்று நீங்கள் தரும் பெயர் வெளியே தெரியும், மெயில் ஐடி எதிராளிக்குப் போகும். ஆகவே தொழிலுக்கென்று தனி மெயில் வைத்துக்கொள்வது நல்லது.

உடனே நீக்கச் சொல்லலாம், அல்லது 7 நாள் அவகாசம் தரலாம். உடனே நீக்கினால் எதிராளியின் சேனலுக்கு ஸ்ட்ரைக், அதாவது யூடியூபின் தண்டனைக் குறி, விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடக்கூடும். அவகாசத்துக்குள் அவரே அழித்துவிட்டால் ஸ்ட்ரைக் கிடையாது. நாளைக்கு அதே மண்டபத்தில் முகம் பார்க்க வேண்டிய உள்ளூர்க்காரர் என்றால் அவகாசமே போதும். திரும்பத் திரும்பத் திருடுகிறவருக்கு அது தேவையில்லை.

பலர் சறுக்குவது உரிமை விஷயத்தில். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சொல்லி எடுத்துக் கொடுத்த போட்டோவுக்கும் வீடியோவுக்கும், மாறாக ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு. காட்பாடியில் எடுத்த கல்யாண வீடியோ பெண் வீட்டார் பணம் கொடுத்ததென்றால் உரிமை அவர்களுடையது. விழாக் கமிட்டி கூலி கொடுத்திருந்தால் கமிட்டியுடையது. நீங்களாகப் போய் எடுத்ததற்குத்தான் தயங்காமல் புகார் தரலாம். மற்றதற்கு, அட்வான்ஸ் வாங்கும் ரசீதிலேயே “வீடியோவின் பதிப்புரிமை ஸ்டூடியோவுக்கு” என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உரிமையில்லாமல் பொய்யாகப் புகார் தந்தால் சட்டச் சிக்கல் உங்கள் பக்கம் திரும்பும்.

இந்தச் சேவையின் பெரிய குறை எதிர் அறிவிப்பில் வெளிப்படுகிறது. எதிராளி “இது என்னுடையது” என்று முறைப்படி அனுப்பிவிட்டால், 10 வேலை நாளுக்குள் வழக்குத் தொடுத்த ஆதாரத்தை நீங்கள் காட்ட வேண்டும். இல்லையேல் வீடியோ திரும்ப வந்துவிடும். சின்ன ஸ்டூடியோவுக்கு இது பெரிய சுமை. ஆறுதல் ஒன்று உண்டு: பதிப்புரிமைச் சட்டம் 62ஆம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். வேலூர்க்காரர் சத்துவாச்சாரியில் உள்ள நீதிமன்றம் வரை போனால் போதும். எடிட் செய்யாத மூல ஃபைலையும் மெமரி கார்டையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இந்தியத் தளங்களுக்கு 2013 பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதியையும் பயன்படுத்தலாம். எழுத்துப் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் தடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். வழக்குத் தொடுப்பேன் என்ற உறுதிமொழியைப் புகாரிலேயே சேர்க்க வேண்டும்.

திருவிழா மைக்செட்டில் ஓடிய சினிமாப் பாட்டுக்காக உங்கள் வீடியோவுக்கே கன்டென்ட் ஐடி (பிறர் பாட்டையும் படத்தையும் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் முறை) உரிமைகோரல் வந்தால் பதற வேண்டாம், அது ஸ்ட்ரைக் அல்ல. யூடியூப் ஸ்டூடியோ எடிட்டரில் அந்தப் பாட்டை மட்டும் மௌனமாக்கினால் தீர்ந்துவிடும்.

ஒரு புகார் ஏற்கப்பட்டதும் ‘காப்பிரைட் மேட்ச்’ கருவி திறக்கும். முழு வீடியோவையோ கிட்டத்தட்ட முழுவதையோ திரும்ப ஏற்றியவர்களை அது காட்டிக்கொடுக்கும். முதலில் ஏற்றியது நீங்களாக இருப்பது முக்கியம். இருபது விநாடித் துண்டை எடுத்து ஒட்டியிருந்தால் அதை நம்ப முடியாது, நீங்களே தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.