மூளைக்கட்டி அறுவையில் எச்ஆர்வி: மார்பு ஈசிஜியா, விரல் கிளிப்பா?

மூளைக்கட்டி அறுவைக்கு வருகிறவர்களிடம் எச்ஆர்வி எடுக்கலாம், அதாவது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கலாம் என எங்கள் மயக்கவியல் பிரிவில் முடிவானது. எதை வைத்து எடுப்பது என்பதில்தான் இழுபறி. மார்பில் ஈசிஜி ஒட்டலாம், அல்லது எப்படியும் விரலில் மாட்டப்போகிற பல்ஸ் ஆக்சிமீட்டர் கிளிப்பின் அலையையே எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் ஈசிஜி பக்கம் போனோம். ஆகவே இது நடுநிலை அலசல் அல்ல.

மூளையில் கத்தி வைக்கும்போது இதயத்தை ஏன் பார்க்க வேண்டும்? வலிப்பு அறுவையின்போது இன்சுலாவை (மூளைப் புறணியில் பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் பகுதி) மின்சாரத்தால் தூண்டிப் பார்த்த ஓப்பன்ஹைமர் குழு, இடப்பக்கம் தூண்டினால் துடிப்பு குறைவதையும் வலப்பக்கம் தூண்டினால் கூடுவதையும் அதிகம் கண்டதாக 1992இல் எழுதியது. மூளைத்தண்டுக்கு அருகில் கட்டி என்றால் இந்தத் தொடர்பு இன்னும் நேரடியானது.

கிளிப்புக்கான வாதங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: செலவில்லை, ஒட்டுவது பிய்ப்பது இல்லை, நோயாளிக்குத் தொந்தரவு இல்லை. டயதெர்மி, அதாவது மின்சாரத்தால் திசுவை வெட்டி ரத்தக்கசிவை அடக்கும் கருவி, ஓடும்போது ஈசிஜி கோடு காடாகிவிடும். கிளிப் அலை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். இது உண்மையான சாதகம், மறுக்கவில்லை.

ஆனால் எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: பதிவெடுத்த பிறகு உட்கார்ந்து துடிப்புகளைத் திருத்தும் வேலை. ஒரு கணக்கு போடுவோம். நிமிடத்துக்கு 75 துடிப்பு, இடைவெளி 800 மில்லிசெகண்ட், 5 நிமிடப் பதிவு. மயக்கத்தில் ஆர்எம்எஸ்எஸ்டி (அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசங்களை வர்க்கித்து, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்த எச்ஆர்வி அளவு) 10 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் ஒரே ஒரு துடிப்பைத் தவறவிட்டால் அங்கே இடைவெளி 1600 ஆகும். அந்த ஒன்றால் மட்டும் ஆர்எம்எஸ்எஸ்டி 10இலிருந்து ஏறத்தாழ 59க்குத் தாவும். முந்நூற்றுச் சொச்சம் துடிப்புகளில் ஒன்று! பாராசிம்பதெடிக் (இதயத்தை நிதானப்படுத்தும் நரம்பு மண்டலம்) செயல்பாடு அமோகம் என்று ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதிவிடலாம்.

சரி, நீண்ட இடைவெளிகளை வடிகட்டச் சொல்லிவிட்டால் போதாதா? மற்ற அறுவைகளில் போதலாம். இங்கே சிக்கல். சிறுமூளைக்கும் பான்ஸுக்கும் (மூளைத்தண்டின் நடுப்பகுதி) இடைப்பட்ட கோணத்தில் கட்டியை எடுக்கும்போது முகத்தின் உணர்ச்சிக்கான டிரைஜெமினல் நரம்பு இழுபட்டால் துடிப்பு திடீரென்று விழும். ஷாலர் குழு 1999இல் விவரித்த டிரைஜெமினோ கார்டியாக் ரிஃப்ளெக்ஸ் இதுதான். அந்த நீண்ட இடைவெளி நிஜம். வடிகட்டி அதையும் குப்பை என்று தள்ளிவிடும். ஈசிஜி கையில் இருந்தால் பெரிதாக்கிப் பார்க்கலாம்: க்யூஆர்எஸ் (ஒவ்வொரு துடிப்புக்கும் ஈசிஜியில் எழும் கூர்முனை) இருந்தும் மென்பொருள் விட்டதா, எக்டோபிக்கா (வழக்கமான இடத்திலிருந்து கிளம்பாத துடிப்பு), நிஜமாகவே இதயம் நிதானித்ததா என்று தெரிந்துவிடும். கிளிப் அலையில் ஒரு பள்ளம் மட்டுமே தெரியும். முன்கூட்டியே வந்த எக்டோபிக் துடிப்பு விரல்வரை எட்டாமலே போயிருக்கலாம். அதே கையில் பிபி கஃப் ஊதியிருக்கலாம். குளிர்ந்த தியேட்டரில் விரல் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம். எது என்று பின்னால் போய்க் கண்டுபிடிக்க வழியில்லை.

டயதெர்மிக்குப் பதில்: எங்கே பதிவு வேண்டும் என்பதை முன்பே தீர்மானிப்பது. மயக்கத்துக்கு முன், மூளையின் வெளியுறையான டியூராவைத் திறந்த பின் டயதெர்மி ஓய்ந்திருக்கும் 5 நிமிடம், தோலை மூடும் முன் ஒன்று. குறும்பதிவுக்கு 5 நிமிடம் என்பது 1996இன் ஐரோப்பிய-அமெரிக்கச் செயற்குழு பரிந்துரைத்த அளவு. அதுவே நொடிக்கு 250 முதல் 500 மாதிரிகள் உகந்தவை என்றும் சொல்கிறது. மானிட்டர் திரையில் காட்டும் துடிப்பு எண் சராசரி; அதை எழுதிவைத்து எச்ஆர்வி கணக்கிட முடியாது. மூல அலையே வேண்டும்.

ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் குழாய் செருகி ரத்த அழுத்தத்தை அளப்பது) அலையை எடுக்கலாமே என்றும் கேட்டார்கள். அலை அழகுதான். ஆனால் அடிப்படைப் பதிவை எடுக்கும் முதல்நாள் மாலை வார்டில் அது இருக்காது. அடிப்படைப் பதிவை ஒரு கருவியிலும் மற்றதை வேறு கருவியிலும் எடுத்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

எதைத் தேர்ந்தாலும் தீராத ஒரு தொல்லை உண்டு. மூச்சோடு சேர்ந்து துடிப்பு இடைவெளியும் ஏறி இறங்கும். வென்டிலேட்டரை நிமிடத்துக்கு 12 மூச்சில் வைத்தால் 0.2 ஹெர்ட்ஸ், அது எச்ஆர்வியில் வேகமான ஏற்ற இறக்கங்களுக்கான எச்எஃப் பட்டைக்குள் வரும். 8க்குக் குறைத்தால் 0.13, மெதுவான ஏற்ற இறக்கங்களுக்கான எல்எஃப் பட்டைக்குள் போய்விடும். இதயம் அப்படியே இருக்க, எல்எஃப்/எச்எஃப் விகிதம் மட்டும் தலைகீழாகும். அதனால் மூச்சு எண்ணிக்கையை மாற்றாமல் வைக்கிறோம். துடிப்பைக் கூட்டும் மருந்தான அட்ரோபின் கொடுத்த பின் வரும் பதிவை ஒதுக்கிவிடுகிறோம்.

குழந்தைகளிடம் நான் எடுத்ததில்லை, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) உள்ளவர்களைச் சேர்க்கவும் இல்லை. என் சார்பு அதற்கு அப்பால் செல்லாது. அறுவைக்குப் பின் ஐசியுவில் அசையாமல் தூங்கும் நோயாளியிடம் சராசரித் துடிப்பின் இரவுப் போக்கு மட்டும் போதும் என்பவர் கிளிப்போடே இருக்கலாம். ஆர்எம்எஸ்எஸ்டி வேண்டுமென்றால் ஈசிஜி ஒட்டுங்கள், திருத்துவதற்கு ஓர் ஆளையும் இப்போதே பிடித்து வையுங்கள்.